சுசான் கூலி கேட்ட கதை

ஷார்ல் லெங்லென் என்கிற பிரெஞ்சுக்காரருக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய வசதி, அவருக்கு ஒரு நல்ல அப்பா இருந்ததுதான். அந்த அப்பா குதிரை பூட்டிய ஆம்னிபஸ் கம்பெனி ஒன்றை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மருந்தாளர் படிப்புப் படித்திருந்த மகன் மாத்திரை எண்ணுகிற வேலையிலிருந்து தப்பித்தார். கம்பெனியைக் கொஞ்ச காலம் ஓட்டினார், நல்ல விலை வந்ததும் விற்றார். கோடைக்கு வட பிரான்சில் ஒரு வீடு, குளிருக்கு நீஸ் நகரில் ஒரு வில்லா என்று உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நீஸ் வில்லாவுக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் டென்னிஸ் கிளப். வேலை வெட்டி இல்லாத மனிதருக்கு எதிர்ப்பக்கம் டென்னிஸ் கிளப் அமைந்து, வீட்டில் துறுதுறுவென்று ஒரு பெண் குழந்தையும் இருந்தால் என்ன ஆகும்? விளையாட்டுச் சரித்திரம் ஆகும்.

1910 ஜூன் மாதம் பொம்மைக் கடையில் ஒரு ராக்கெட் வாங்கி, 11 வயது மகள் சுசானிடம் கொடுத்தார். குழந்தைக்கு ஆஸ்துமா, ஓடியாடினால் உடம்பு தேறும் என்று எண்ணம். ஒரே மாதத்தில் பொம்மை மட்டை போய் நிஜ மட்டை வந்தது. மூன்று மாதம் கழித்து ஷாந்தில்லி என்ற ஊரில் ஒரு போட்டியில் சேர்த்துவிட்டார். பெரியவர்களோடு மோதி இரண்டாவதாக வந்தது குழந்தை. அன்றோடு உடம்பு தேறுகிற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ஷார்ல் பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர். குளிர்காலத்தில் ரிவியெரா கடற்கரைக்கு வந்து ஆடும் கெட்டிக்கார ஆண்களைக் கவனித்து, யார் எந்த அடியை எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்துவந்து மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் என்றால் பின்னால் நின்று பந்தைப் பக்குவமாகத் திருப்பி அனுப்பினால் போதும் என்றிருந்த காலம் அது. தன் பெண் வலைக்கு ஓடிப்போய் ஆண்கள் மாதிரி அடிக்க வேண்டும் என்றார். களத்தின் மறுபுறம் ஒரு கைக்குட்டையை விரித்து வைப்பாராம். பந்து அதன்மேல் விழ வேண்டும். விழுந்தால் ஒரு மடிப்பு மடிப்பார். அதிலும் விழுந்தால் இன்னொரு மடிப்பு. கடைசியில் கைக்குட்டையை எடுத்துவிட்டு நாணயத்தை வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு அந்த நாணயத்தில்தான் சந்தேகம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் காசைத் தரையில் வைத்துவிட்டு அவ்வளவு தூரம் தள்ளி நிற்பாரா?

1914-இல், 15 வயது முடிந்த கையோடு, பாரிஸை ஒட்டிய சான் க்ளூவில் களிமண் தரையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியைச் சுசான் வென்றார். விம்பிள்டனுக்குப் போகலாமே என்று ஊர் சொன்னது. புல்தரைக்கு இன்னும் பழுக்கட்டும் என்று அப்பா பொறுத்தார். அதே வருடம் ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை ஒருவன் சுட்டுவிட, ஐரோப்பா முழுக்க வேறு விளையாட்டில் இறங்கிவிட்டது. கைசர் வில்ஹெல்மின் பாவக் கணக்கில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: திருவாளர் லெங்லெனின் அட்டவணையை ஐந்து வருடம் கெடுத்தார்.

ஒருவழியாக 1919 வந்தது. விம்பிள்டன் மறுபடி திறந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஓர் அருமையான விதி இருந்தது. போன முறை ஜெயித்தவர் முந்தைய சுற்றுகள் எதிலும் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்தி, மிஞ்சுகிற ஒரே ஆள் மூச்சு வாங்க வந்து சேரும்வரை அவர் உட்கார்ந்து டீ குடிக்கலாம். 1914-இல் ஜெயித்தவர் டாரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். நடுவில் போர் வந்துவிட்டதால் அம்மையார் ஐந்து வருடமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, பாதிரியார் மகள், இரண்டு பிள்ளைகளின் தாய், ஏழு முறை சாம்பியன். 1911 இறுதி ஆட்டத்தில் எதிராளிக்கு ஒரு கேம்கூட விட்டுக்கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிய புண்ணியவதி.

அவர் உடுத்தியிருந்தது கணுக்கால்வரை தொங்கும் பாவாடையும் மணிக்கட்டுவரை மூடிய சட்டையும். எதிரே இருபது வயதுச் சுசான்: இடுப்பை இறுக்கும் கார்செட் இல்லை, முன்னங்கை தெரிகிற சட்டை, கெண்டைக்காலோடு நின்றுவிட்ட பாவாடை. லண்டனுக்கு மூச்சு முட்டியது. முதல் நாள் பார்த்து அதிர்ந்தவர்கள், அதிர்ந்தது சரிதானா என்று உறுதிசெய்துகொள்ள மறுநாளும் டிக்கெட் வாங்கினார்கள். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் இறுதி ஆட்டத்துக்கே வந்து உட்கார்ந்தார்கள். ராணி மேரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடம் கழித்துக் கதையில் மறுபடி வருவார், அப்போது அவர் முகம் இவ்வளவு மலர்ச்சியாக இருக்காது.

முதல் செட் சுசானுக்கு, 10-8. இரண்டாவது லாம்பர்ட் சேம்பர்ஸுக்கு, 6-4. பெண் துவண்டுவிட்டாள் என்று கண்டதும் அப்பா பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு சிறு வெள்ளிக் குப்பியை வீசினார். உள்ளே பிராந்தி. மன்னர் பார்க்க, மகாராணி பார்க்க, எட்டாயிரம் பேர் பார்க்க, சுசான் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மட்டையை எடுத்தார். ஊக்க மருந்துப் பரிசோதனை கண்டுபிடிக்கப்படாத பொற்காலம்.

மூன்றாவது செட்டில் அம்மையார் 6-5, 40-15. இரண்டு மேட்ச் பாயிண்ட். ஒரு பாயிண்ட் போதும், எட்டாவது கோப்பை. அவர் போட்ட பந்தை எட்டிப் பிடிக்கச் சுசான் ஓடி, நரம்பில் படாமல் மட்டையின் மரச் சட்டத்தில் பட்டு, பந்து வலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் செத்து விழுந்தது. ஒன்பது வருடம் கைக்குட்டை மடித்துப் பயிற்சி கொடுத்த அப்பா அந்த அடியைப் பார்த்து என்ன நினைத்தாரோ. அடுத்த மேட்ச் பாயிண்டையும் சுசான் தப்பித்து, 9-7 என்று ஆட்டத்தை முடித்தார். மொத்தம் 44 கேம்கள். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தில் அதைவிட நீண்ட ஒன்று 1970-இல்தான் வந்தது.

பரிசுத்தொகை? சைபர்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையே இதுதான். அன்றைய பெரிய டென்னிஸ் போட்டி எல்லாமே அமெச்சூர் ஆட்டம். காசுக்கு ஆடுகிறவன் கண்ணியவான் ஆக மாட்டான் என்று, காசைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லாத கனவான்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். டிக்கெட் விற்கலாம், விற்றார்கள். நாற்காலி போதவில்லை என்று புது அரங்கமே கட்டலாம், கட்டினார்கள். அந்தக் கூட்டம் யாரைப் பார்க்க வந்ததோ அவர் மட்டும் நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். தேங்காய்மூடிக் கச்சேரி என்று நாம் ஏளனமாகச் சொல்வோம். அங்கே நிலைமை அதற்கும் கீழே: பாடகரே தேங்காய் வாங்கிவர வேண்டும், உடைத்தபின் இரண்டு மூடியும் சபாவுக்கு. 'தொழில்முறை' என்ற பட்டம், கிளப் உறுப்பினர்களுக்குப் பந்து போட்டுச் சொல்லிக் கொடுத்துக் கூலி வாங்கும் பயிற்சியாளருக்கு உரியது. அந்த ஆளை யாரும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். பெரிய நட்சத்திரங்களுக்குப் பயணச் செலவு, ஹோட்டல் பில் என்று மேசைக்கு அடியில் ஏதோ நகரும். எல்லோருக்கும் தெரியும். குனிந்து பார்ப்பது மட்டும் மரியாதை இல்லை.

ஆக, சுசான் ஓசியில் ஜெயிக்கத் தொடங்கினார். 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ்: ஒற்றையரில் தங்கம், பத்து செட் ஆடி மொத்தமாக இழந்தது நான்கு கேம். அதில் மூன்றை இறுதி ஆட்டத்தில் எதிராளிக்குக் கொடுத்தார், வந்ததற்கு மரியாதையாக. பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஜான் பத்தூ அவருக்கென்று மடிப்பு வைத்த பட்டுப் பாவாடை தைத்தார். தலையைச் சுற்றி வண்ணத் துணிப்பட்டை, அதில் ஒரு வைர ஊசி. வெயில் கொளுத்தினாலும் தோளில் ஃபர் கோட். அதுவரை டென்னிஸ் பார்க்க டென்னிஸ் தெரிந்தவர்கள் வந்தார்கள். இப்போது டென்னிஸ் தெரியாதவர்களும் வந்தார்கள், டிக்கெட் விலை இருவருக்கும் ஒன்றுதான். கணக்கு எழுதும் கனவான்களுக்கு அந்த வேறுபாடு புரிந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவருக்கு 'தெய்வீகப் பெண்' என்று பட்டம் சூட்டின. தெய்வத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது எல்லா மதத்திலும் பொது.

1921-இல் அமெரிக்கா போனார். போரில் பாழான பிரெஞ்சுக் கிராமங்களுக்கு நிதி திரட்டக் காட்சி ஆட்டங்கள் ஆடுவதாகத் திட்டம். கூடவே ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்கச் சாம்பியன் போட்டி. அப்பா உடம்பு சரியில்லை என்று வரவில்லை. பெரிய ஆட்டக்காரர்களைப் பிரித்து வைக்கும் தரவரிசை முறை அப்போது இல்லாததால், இரண்டாவது சுற்றிலேயே மோலா மலோரி எதிரே நின்றார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மோலா, பந்தை வெளுத்து வாங்கும் ரகம். கப்பலில் வந்து இறங்கிய களைப்பு, இருமல், எதிரே மோலா. இதற்கு மேல் ஒரு சோதனையும் இருந்தது: அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. வெள்ளிக் குப்பி வீசுவதற்கு அப்பாவும் இல்லை, வீசினாலும் சட்டப்படி குற்றம். முதல் செட் 2-6. இரண்டாவது செட் தொடங்கிய உடனே ஒரு டபுள் ஃபால்ட், பிறகு கண்ணீர், பிறகு நடுவரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கூட்டம் சீறியது. நிஜமாகவே உடம்பு முடியவில்லையா, தோற்கப் பிடிக்கவில்லையா என்று அட்லாண்டிக் கடலின் இருபுறமும் பல மாதம் பட்டிமன்றம் நடந்தது. இரண்டும்தான் என்பது என் கட்சி. போர் முடிந்ததிலிருந்து அமெச்சூராக இருந்த கடைசி நாள்வரை ஒற்றையர் ஆட்டத்தில் அவர் கண்ட ஒரே தோல்வி அது.

அடுத்த வருடம் விம்பிள்டன் சர்ச் ரோட்டில் கிட்டத்தட்ட 14,000 பேர் கொள்ளும் புது அரங்கத்துக்குக் குடிபோயிருந்தது. பழைய இடம் போதாமல் போனதில் சுசானின் பங்கு பெரிது என்பார்கள். புது இடத்தில் முதல் இறுதி ஆட்டம், எதிரே அதே மோலா. 6-2, 6-0. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டிக்கெட் காசு செரிக்குமுன் ஆட்டம் முடிந்துவிட்டது.

1924-இல் காமாலை வந்து பாதியில் விலகினார். 1925-இல் திரும்பி வந்து, விம்பிள்டன் முழுக்க ஐந்தே கேம் இழந்து ஆறாவது முறையாகச் சாம்பியன். இந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எப்போதும் ஜெயிக்கிறவரைப் பற்றி எவ்வளவுதான் எழுதுவது?

சுவாரசியம் 1926 ஜனவரியில் கப்பலில் வந்திறங்கியது. ஹெலன் வில்ஸ், கலிஃபோர்னியாக்காரர், டாக்டர் மகள், இருபது வயது, கல்லூரி மாணவி, அமெரிக்கச் சாம்பியன். வெற்றியோ தோல்வியோ முகத்தில் ஒரு கோடு மாறாது. ரிவியெராவின் ஒளியில் ஓவியம் பயில வந்ததாகச் சொன்னார். சுசானுக்கு ஓவியத்தில் ஆர்வம் இல்லை. வாரக்கணக்கில் இருவரும் ஒரே கடற்கரையில், அடுத்தடுத்த போட்டிகளில் ஆடினார்கள், ஆனால் ஒற்றையரில் எதிரெதிரே வரவில்லை. ஹெலன் ஒற்றையரில் இறங்கினால் சுசான் இரட்டையரோடு நிறுத்திக்கொள்வார். பத்திரிகைக்காரர்கள் பல தேசங்களிலிருந்து வந்து ஹோட்டல்களில் அறை எடுத்து, சண்டை எப்போது எப்போது என்று நகம் கடித்தார்கள். கடைசியில் கான் நகரில், கார்ல்டன் கிளப்பில், பிப்ரவரி 16-ஆம் தேதி நேருக்கு நேர்.

ஆட்டம் தொடங்கப்போகிறது, தச்சர்கள் இன்னும் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் பறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலையும் கூரையையும் வாடகைக்கு விட்டார்கள். கூரைக்கு அடியில் இடம் பிடித்தவர்கள் ஓட்டைப் பிரித்துத் தலையை நீட்டினார்கள். யூகலிப்டஸ் மரங்களில் ஏறியவர்களைப் போலீஸ் இறக்க, அவர்கள் அடுத்த மரத்தில் ஏறினார்கள். டிக்கெட் எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களோ வேறு ரகம். பதவி போன ராஜாக்களுக்கும் பதவி பிடிக்காத ராஜாக்களுக்கும் ரிவியெராதான் அன்று தலைநகரம். ரஷ்யாவின் கிராண்ட் டியூக் மைக்கேல் வந்திருந்தார். புதுக்கோட்டை ராஜாவும் ராணியும் வந்திருந்தார்கள். ஆம், நம் புதுக்கோட்டைதான். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணக்க, அவரை ராணி என்று ஏற்க ஆங்கிலேய அரசு மறுக்க, ராஜா ஆட்சியைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு மனைவி மகனோடு கானில் குடியேறிவிட்டார். புதுக்கோட்டைச் சீமையில் மழை பொய்த்ததா பெய்ததா தெரியாது. ராஜாவுக்கு அன்று நல்ல இடம் கிடைத்திருந்தது.

சுசான் முதல் செட்டை 6-3 என்று எடுத்தார். இரண்டாவதில் ஹெலன் அடித்த அடியில் ஆட்டம் இழுத்தது. களம் மாறும் இடைவேளையில் பிராந்தி. இது பிரான்ஸ், கேட்பாரில்லை. இழுத்துப் பிடித்து 6-5, 40-15 என்று வந்தார். ஹெலன் கோட்டோரமாக ஒரு பந்தை வீசினார். "அவுட்" என்று ஒரு குரல். முடிந்தது. இருவரும் வலையருகே கை குலுக்கினார்கள். கூட்டம் மைதானத்தில் பாய்ந்தது, பூங்கொத்துகள் வந்தன. அந்தக் களேபரத்தில் லைன்ஸ்மேன் வேலை பார்த்த லார்ட் சார்ல்ஸ் ஹோப் முண்டியடித்து வந்து நடுவரிடம் ஒரு விஷயம் சொன்னார்: "அவுட்" என்று கத்தியது தான் இல்லை, வேடிக்கை பார்க்க வந்த யாரோ. பந்து உள்ளேதான் விழுந்தது.

பூங்கொத்து கைக்கு வந்தபிறகு ஆட்டம் முடியவில்லை என்று சொன்னால் யாருக்குமே கை நடுங்கும். ஹெலன் அந்த கேமை எடுத்து 6-6 ஆக்கினார். சுசான் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போய், அடுத்த இரண்டு கேமையும் எடுத்து 8-6 என்று மறுபடி ஒருமுறை ஜெயித்தார். பிறகு பெஞ்சில் விழுந்து அழுதார். அன்று மாலைக்குள் இருவரும் இரட்டையர் இறுதி ஆட்டத்திலும் எதிரெதிரே ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஆட்டக்காரர்களின் மேலாளர்கள் படித்தால் மயக்கம் போடுவார்கள். அந்த ஒரே நாளில் கான் நகரில் காசு பார்க்காத இரண்டே பேர், மட்டை பிடித்த அந்த இருவர்தான். ஹெலனுக்குக் குடல்வால் கோளாறு வந்துவிட்டதால் அந்த வருடம் இன்னொரு மோதல் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நடக்கவேயில்லை.

இனி ராணி மேரி.

1926 விம்பிள்டனின் பொன்விழா. முதல் கோணல் பிரெஞ்சு டென்னிஸ் சங்கத்தால் வந்தது. இத்தனை வருடமாகச் சுசானோடு சேர்ந்து இரட்டையர் பட்டங்களை அள்ளிய எலிசபெத் ரயன் அமெரிக்கப் பெண். நாட்டு மானம் கருதி ஒரு பிரெஞ்சுப் பெண்ணோடு ஆடு என்று சங்கம் உத்தரவிட்டது. டிடி விளாஸ்டோ ஜோடியானார். சீட்டுக் குலுக்கியதில் முதல் சுற்றிலேயே எதிரே வந்தது யார்? பழைய தோழி ரயன்தான். சுசானின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த இரட்டையர் ஆட்டம் இருந்த அதே நாளில், அதற்கு முன்னால் ஓர் ஒற்றையர் ஆட்டத்தையும் செருகிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆட்ட நேரத்தை அதிகாரி ஒருவர் அவரிடம் நேரில் சொல்லிவிடுவார். இப்போது நிர்வாகம் மாறியிருந்தது. பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி அவர் அனுப்பிய சேதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அரச மாடத்தில் ராணி மேரி வந்து அமர்ந்தார். கீழே புல் இருந்தது, வலை இருந்தது, சுசான் இல்லை.

மூன்றரை மணிக்கு அவர் வந்து சேர்ந்தபோது அதிகாரிகள் கடுகடுவென்று நின்றார்கள். உலகச் சாம்பியனைப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி நடத்தினார்கள் என்று தெரிகிறது. சுசான் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். சமாதானம் பேச ஆள் வேண்டும். பிரெஞ்சு வீரர் ஜான் பொரோத்ராவை அனுப்பினார்கள். பெண்கள் அறை என்பதால் கண்ணைக் கட்டி உள்ளே விட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கண்ணைக் கட்டினார்களோ இல்லையோ, காதைக் கட்டியிருந்தால் அவருக்கு உபகாரமாக இருந்திருக்கும். அன்று சுசான் ஆடவில்லை. ராணியைக் காக்க வைத்தாள் என்று மறுநாள் லண்டன் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. சில நாள் முன்பு கைதட்டிய அதே கூட்டம் கூக்குரலிட்டது. இரட்டையரில் ரயன் ஜோடியிடம் தோல்வி. இன்னும் சில நாள் தாக்குப்பிடித்துவிட்டு மற்ற ஆட்டங்களிலிருந்தும் விலகி ஊருக்குப் போய்விட்டார். விம்பிள்டனுக்கு மறுபடி ஆட வரவில்லை.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து சி. சி. பைல் என்பவரின் ஆள் வந்தார். பைல் சினிமாக் கொட்டகை நடத்தியவர். முந்தைய வருடம்தான் ரெட் கிரேஞ்ச் என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரரைத் தொழில்முறைக்கு இழுத்துக் காசு பார்த்திருந்தார். டென்னிஸ் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் அவருடைய முக்கியத் தகுதி. தெரிந்திருந்தால், ஆடுகிறவருக்குக் காசு கொடுப்பது அநாகரிகம் என்பதும் தெரிந்திருக்கும். நான்கு மாதச் சுற்றுப்பயணம், 50,000 டாலர் என்றார். பேஸ்பாலின் கடவுளான பேப் ரூத் அப்போது வருடம் முழுக்கப் பந்தை விளாசி வாங்கிய சம்பளம் 52,000. ஆகஸ்டில் சுசான் கையெழுத்துப் போட்டார்.

கனவான்கள் துடித்துப்போனார்கள். ஏழு வருடம் அவரைக் காட்டி டிக்கெட் விற்ற விம்பிள்டன், கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியைப் பிடுங்கிக்கொண்டது. சுசான் சும்மா இருக்கவில்லை. இத்தனை வருடத்தில் டென்னிசுக்காகத் தான் லட்சக்கணக்கில் பிராங்க் சம்பாதித்துக் கொடுத்ததையும், அந்தப் பாக்கியத்துக்காகத் தானே ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம் கட்டியதையும் போட்டு உடைத்தார். இந்த விதிகள் இருக்கும்வரை பணக்காரர்கள்தான் ஆட முடியும். இது என்ன நியாயம் என்று கேட்டார். கனவான்கள் யாரும் பதில் சொல்லவில்லை. கணக்குக் கேட்கிற பெண்ணுக்குப் பதில் சொல்வதும் அவர்கள் விதிப் புத்தகத்தில் இல்லை போலும்.

எதிர்த்து ஆட ஒரு பெண் வேண்டுமே. மேரி பிரவுன் ஒத்துக்கொண்டார். வயது 35, போருக்கு முன் மூன்று வருடம் தொடர்ந்து அமெரிக்கச் சாம்பியன், 1924-இல் அமெரிக்க கோல்ஃப் சாம்பியன் போட்டியில் இறுதிவரை போனவர், 1926 பிரெஞ்சு இறுதி ஆட்டத்தில் சுசானிடம் 1-6, 0-6 என்று தோற்றவர். வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அனுபவச் சான்றிதழ் கிடையாது. 1926 அக்டோபர் 9, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், சுமார் 13,000 பேர். சுசான் 6-1, 6-1. பிறகு ஊர் ஊராக ரயில். அமெரிக்கா, கனடா என்று சுற்றி மொத்தம் 38 முறை இருவரும் மோதினார்கள். 38 முறையும் சுசான். ஒவ்வொரு ராத்திரியும் தோற்பதற்காகக் கைநிறைய வாங்கிக்கொண்டு, அடுத்த ஊரில் அதே உற்சாகத்தோடு களமிறங்கிய மேரி பிரவுனுக்கு யாராவது ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். பல அலுவலகங்களில் இதே வேலைதான் நடக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

1927-இல் சுற்றுப்பயணம் முடிந்ததும் பைல் டென்னிஸை மூட்டை கட்டி வைத்துவிட்டார். அடுத்து லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க்வரை கண்டம் குறுக்கே ஓட்டப்பந்தயம் நடத்தி, ஓடியவர்களின் காலைப் பழுக்க வைத்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டார். சுசான் இங்கிலாந்தில் ஒரு சிறிய சுற்று ஆடினார். அதோடு சரி. தொழில்முறையில் மோதுவதற்கு வேறு பெண்கள் இல்லை. அமெச்சூர் கதவு இனி திறக்காது. உலகின் முதல் பெரிய தொழில்முறை வீராங்கனையின் தொழில் வாழ்க்கை ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. வயது 28.

அதன்பின் பாரிஸில் துணிக்கடைத் தொழில், 1935-இல் ஓர் ஆங்கிலப் படத்தில் சின்ன வேஷம், குழந்தைகளுக்கு டென்னிஸ் பள்ளி. நாவல்கூட ஒன்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்; அதைப் பற்றி விமர்சகர்கள் மௌனம் காத்ததால் நானும் காக்கிறேன். 1938 ஜூலை 4 அன்று ரத்தசோகை நோயால் இறந்தார், 39 வயதில். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஹெலன் வில்ஸ் தன் எட்டாவது விம்பிள்டனை வென்றிருந்தார், அமெச்சூராகவே.

கனவான்களுக்கு ஞானம் வர இன்னும் முப்பது வருடம் ஆனது. 1968-இல் விம்பிள்டன் முதல்முறையாகப் பரிசுப் பணம் கொடுத்தது: ராட் லேவருக்கு 2,000 பவுன், பில்லி ஜீன் கிங்குக்கு 750. பெண்கள் சாப்பாடு கம்மியாகச் சாப்பிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. இரண்டு தொகையும் ஒன்றாவதற்கு 2007 ஆயிற்று.

சுசான் உயிரோடிருந்தவரை காசுக்கு ஆடுகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்த பிரெஞ்சுப் போட்டி, அவர் செத்து நாற்பது வருடம் கழித்து அவரைக் கொண்டாட ஆரம்பித்தது. போட்டி நடக்கும் ரோலண்ட் கேரோஸில் இரண்டாவது பெரிய அரங்கத்துக்கு அவர் பெயர். பெண்கள் ஒற்றையர் கோப்பைக்கும் அவர் பெயர். 2025-இல் அதை வென்ற கோகோ காஃபுக்குப் பரிசுத்தொகை 25.5 லட்சம் யூரோ. கோப்பையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள், நகல்தான் கொடுப்பார்கள். செக் அசல்.